மீசைக்குப் போன மருந்து

பெயிண்டர் முப்பது வருஷமாக ஒரே ஒரு வித்தையை வைத்துப் பிழைத்தவர். அந்த வித்தை, மூச்சைப் பிடிப்பது.

கார் பட்டறையில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்து விசையை அழுத்துவார். அது உஸ்ஸென்று சீறும். சீறிய அந்த நொடியே அவர் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். முன் விளக்குப் பக்கம் ஆரம்பித்த கை, தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஏறாமல் இறங்காமல், பின் விளக்கு வரைக்கும் ஒரே வீச்சாகப் போகும். நடுவில் மூச்சு விட்டால் தோள் அசையும், தோள் அசைந்தால் கை அசையும், கை அசைந்தால் பெயிண்டில் கோடு விழும். பின் விளக்கைத் தாண்டி விசையை விட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்பார்கள். பட்டறை முதலாளி நிஜமாகவே சீவிக்கொள்வார். அவருக்கு இருந்த முடிக்கு அது நாலு இழுப்பு வேலை.

பெயிண்டர் மாஸ்க் போட மாட்டார். மூச்சைப் பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் மாஸ்க் என்பது அவர் கட்சி. புகையை உள்ளே விட்டால்தானே அது கெடுதல் செய்யும் என்பார். கேட்கிறவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படும். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அத்தனை வருஷத்தில் அவரும் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்தவர், கன் நின்றதும் அதே அறையில், அந்தப் புகைக்கு நடுவிலேயே நின்று, வாயை ஆவென்று பிளந்து, விட்டுப்போன பங்கையும் சேர்த்து ஒரே இழுப்பில் இழுப்பார்.

ஐம்பதைத் தாண்டியதும் காலையில் இருமல் வந்தது. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். எண்ணெய் விடாத கீலில் யாரோ கதவைத் திறந்து மூடுகிற மாதிரி. பெயிண்டர் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கணக்கெடுத்தது கார்க் கதவை. முன்பு ஒரே மூச்சில் முழு வண்டி போகும். பிறகு இரண்டு கதவு. வருஷம் திரும்புவதற்குள் ஒரு கதவு. கடைசியில் அரைக் கதவுதான், கைப்பிடியைத் தாண்டும் முன்பே நெஞ்சு முட்டிவிடும். கை நின்ற இடத்தில் பெயிண்டின் மேல் பெயிண்ட் ஏறி, தழும்பு மாதிரி ஒரு கோடு.

முதலாளி திட்டுகிற ஆள் இல்லை. கோட்டை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, வெயிலில் தெரியாது என்பார். திட்டினால்கூடத் தேவலை.

அப்போதுதான் அந்தச் சவ வண்டி வந்தது. பிணத்தை வைத்துக் கொண்டுபோகிற நீள வண்டி. பக்கவாட்டில் முன்னால் ஒரு சின்னக் கதவு, அதற்குப் பின்னால் கதவும் இல்லை ஜன்னலும் இல்லை, ஒரே தகடு. அதைக் கண்ணாடி மாதிரிக் கறுப்பாக்கிக் கொடுக்க வேண்டும், ஒரு மாதம் தவணை. வண்டிக்காரர் மெல்லிய குரலில் பேசுகிற, எந்நேரமும் கையைக் கட்டிக்கொண்டே நிற்கிற மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போது பெயிண்டருக்கு இருமல் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வண்டிக்காரர் அதற்குப் பிறகு வண்டியைப் பார்த்ததைவிடப் பெயிண்டரைத்தான் அதிகம் பார்த்தார். தொழில் பழக்கம்.

அவர் போனதும் முதலாளி வாயைத் திறந்தார்.

“பெயிண்டரே, இதுல கோடு விழுந்தா உள்ள படுத்திருக்கிறவர் கேக்க மாட்டாரு. பின்னால நடந்து வர்றவங்க கேப்பாங்க. கோடு விழுந்துச்சுன்னா வேலைய உங்க மச்சான்கிட்ட விட்டுட்டு நீங்க பட்டி தேய்க்கப் போயிடுங்க.”

மச்சான் என்றது பெயிண்டர் மனைவியின் தம்பியை. அதே பட்டறையில் நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்துகிற டிங்கர். பத்து வருஷமாக அந்தக் கன்னைப் பார்த்துக்கொண்டு சுத்தியலைப் பிடித்தவன். பட்டி தேய்ப்பது என்பது, பள்ளத்தில் பூசிய மாவைத் தாள் வைத்துத் தேய்க்கிற வேலை. பட்டறைக்கு நேற்று வந்தவனுக்குக் கொடுப்பது. பெயிண்டர் அன்றைக்கு டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

மனைவி பட்டறை முன்னால் ஒரு தகரச் சாய்ப்பில் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூச்சை அளக்கிற அதன் முள் பாதிக்குக்கூடப் போகவில்லை. ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் எழுதினார். பிரவுன் நிறத்தில் இருப்பதைக் காலையும் சாயங்காலமும், இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவறாமல் எடுக்க வேண்டும். நீலத்தைத் திணறல் வந்தால் மட்டும். பெயிண்டர் பிரவுனைக் கையில் வாங்கி நிறத்தைப் பார்த்தார். துருவைச் சுரண்டிய தகட்டில் முதலில் அடிக்கிற பிரைமர் நிறம். நல்ல நிறம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

எப்படி எடுப்பது என்று நர்ஸ் செய்து காட்டினாள். பெயிண்டர் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேன் நின்றது, எவனோ மட்டமாகப் பெயிண்ட் அடித்திருந்தான், அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று நர்ஸ் கேட்டதற்கு, நீ பிறப்பதற்கு முன்பே நான் ஸ்பிரே கன் பிடித்தவன் என்றார்.

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்றார். இன்ஹேலரைக் குலுக்கினார். அதில் குறை சொல்ல முடியாது, பெயிண்ட் குலுக்கிப் பழகிய கை. வாயைத் திறந்தார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தால் ஒரே இடத்தில் படிந்து வடிந்துவிடும் அல்லவா. இடமிருந்து வலமாக மெல்ல ஒரு வீச்சு. உஸ். சத்தம் கேட்டதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. மருந்து பல்லிலும் மீசையிலும் மூக்கு நுனியிலும் சீராகப் படிந்தது. அது காய்கிற வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை. ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டு இரண்டாவது கோட் அடித்தார்.

மனைவிக்கு நர்ஸ் காட்டியது வேறு மாதிரி இருந்ததாக ஞாபகம். சொல்லிப் பார்த்தாள்.

“நீ சீட் கவர் தைக்கிற. நான் வந்து ஊசி கோக்கச் சொல்லிக் குடுத்தேனா?”

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததை மனசில் குறித்து வைத்துக்கொண்டாள், பின்னால் உதவும் என்று.

நீலத்தின் கதை வேறு. திணறல் வரும்போது சாண் கணக்கெல்லாம் மறந்துபோகும். குழாயை அப்படியே வாய்க்குள் திணித்துக்கொள்வார். மூச்சைப் பிடிக்கலாமென்றால் பிடிக்க மூச்சு இருந்தால்தானே? காற்றுக்குத் தவித்து இழுக்கிற இழுப்பில் மருந்தும் சேர்ந்து உள்ளே போனது. ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு திறந்தது. பெயிண்டர் முடிவுக்கு வந்துவிட்டார். நீலம் வேலைக்காரன். பிரவுன் சோம்பேறி, வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மூலையில் படுத்துத் தூங்குகிறவன். மூன்று வாரம் இரண்டு வேளையும் மீசைக்கு மருந்து அடித்துப் பார்த்தும் பலனில்லை என்றதும், பிரவுனைத் தூக்கிப் பழைய போல்ட் நட்டுகள் போட்டு வைக்கிற டப்பாவில் போட்டார். டீக்கடையில் நின்று, அந்த டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நாலு பேருக்கு வைத்தியமும் சொன்னார். அவர்களும் பதிலுக்கு ஆட்டுப்பால், தேன், வெந்நீர் என்று ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். ஒருவருக்கும் ஆஸ்துமா இல்லை. அதனால் எல்லோருக்கும் மருந்து தெரிந்திருந்தது.

நீலம் சட்டைப் பையில் ஏறியது. முதலில் நாளைக்கு மூன்று தடவை. பிறகு ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு தடவை. பிறகு கதவுக்கு நடுவிலும். எண்ணிக்கை கூடக் கூட அது தாங்குகிற நேரம் குறைந்தது. நெஞ்சு, கன்னுக்குக் காற்று ஏற்றுகிற கம்ப்ரஸர் மாதிரி அடித்துக்கொண்டது, விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. டீ டம்ளர் தட்டில் கடகடவென்றது. பெயிண்டர் வயசு என்றார். டிங்கர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சவ வண்டிக்கு நாள் வந்தது. கறுப்புப் பெயிண்டில் ஹார்ட்னரைக் கலந்தார். பெயிண்டை இறுகவைக்கிற அந்தத் திரவத்தின் வாடை எழுந்ததுமே நெஞ்சு சுருங்கியது. நீலத்தை இரண்டு அடித்தார். கன்னைத் தூக்கினார். முன் விளக்கிலிருந்து கிளம்பிய கை சின்னக் கதவைத் தாண்டவில்லை, நடுங்கியது. பெயிண்ட் அலையலையாக விழுந்து ஓரிடத்தில் வடிந்தது. துடைத்துவிட்டு மறுபடி நீலம். மறுபடி கன். மறுபடி வடிந்தது. நாலாவது தடவை நீலத்தை வாயில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேலைக்காரன் வேலை செய்யவில்லை. காற்று உள்ளே போக இடமில்லை. பெயிண்டர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

டிங்கர் ஓடிவந்து அவரை வாசலுக்கு இழுத்தான். அக்கா மிஷினை உதைத்துத் தள்ளிவிட்டு வந்தாள். பட்டறையில் எட்டு வண்டி நின்றது. ஒன்றுக்கு என்ஜின் இல்லை, ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றுக்குக் கூரையே இல்லை. ஓடுகிற நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. டிங்கர் அதன் முன் கண்ணாடியில் பெயிண்ட் படாமலிருக்க ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்துப் பார்வைக்கு வழி பண்ணினான். பின்கதவைத் திறந்து மாமாவைத் தூக்கி வைத்தான்.

“படுத்துக்க மாமா.”

பெயிண்டருக்குப் பேச மூச்சு இல்லை. ஆனாலும் படுக்க மாட்டேன் என்று கையை ஆட்டினார். படுத்தால் இன்னும் அடைக்கும் என்பது ஒரு காரணம். அந்த வண்டியில் ஒரு தடவை படுத்தவன் எழுந்ததில்லை என்பது இன்னொன்று. பின்பக்கக் கண்ணாடி வழியாக முகம் தெரிய, பிணம் வைக்கிற மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டே பெயிண்டர் கடைத்தெரு முழுக்கப் போனார். இரண்டு பேர் வழக்கம்போல ஒதுங்கி நின்று தலையைக் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது உள்ளே இருப்பவர் அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்ததும் பிணவறைப் பக்கம் கையைக் காட்டினான். பெயிண்டரின் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி அவனுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முகத்தில் ஒரு குப்பியைக் கட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். உயிர் தங்கியது. மறுநாள் டாக்டரம்மா கட்டிலுக்கு வந்து, அந்த பிரவுன் இன்ஹேலரை எப்படி எடுத்தீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். இதற்காகவே மனைவி அதை போல்ட் டப்பாவிலிருந்து தேடி எடுத்து, கிரீஸைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

பெயிண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றதும் கொஞ்சம் அழகாகவே செய்தார். குலுக்கினார். ஒரு சாண். வீச்சு. உஸ். கன்னத்தை உப்பி மூச்சை அடக்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பெருமையாகப் பார்த்தார்.

டாக்டரம்மா குனிந்து அவர் மீசையைப் பார்த்தார்.

“நல்லது. உங்க மீசைக்கு இனிமே ஆஸ்துமா வராது.”

கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு ஓடியது. சிரிக்கக்கூடாதவர்கள்கூடச் சிரித்து இருமினார்கள். அது அடங்கியதும் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க மூச்சுக்குழாயில ரெண்டு தகராறு. வெளிய சுத்தியிருக்கிற தசை கயிறு மாதிரி இறுக்குது. உள்பக்கம் வீங்கி, சளி கோத்துக்குது. நீல மருந்து கயித்த மட்டும் தளர்த்தும், அதுவும் சில மணி நேரம். வீக்கத்த அது தொடாது. வீக்கத்த வத்த வைக்கிறது பிரவுன்தான். அதுக்கு நாளாகும், வாரமாகும், தினமும் உள்ள போகணும். நீங்க நீலத்த மட்டும் அடிச்சிட்டு இருந்தீங்க. வீக்கம் ஏறிக்கிட்டே போச்சு. கடைசியில கயித்த எவ்வளவு தளர்த்தினாலும் வழி இல்லாமப் போச்சு. கை நடுக்கமும் நீலம் அதிகமானதாலதான்.”

மனைவி, குறித்து வைத்திருந்ததை இப்போது எடுத்தாள்.

“துருவச் சொரண்டாம மேல கலர் மட்டும் அடிச்சுக் குடுன்னு வர்றவங்கள இவரு வாசல்லயே திட்டி அனுப்புவாரு டாக்டர். ஒரு மாசத்துல பொத்துக்கிட்டு வரும்பாரு. சொந்த நெஞ்சுக்கு மட்டும் அந்த வேலையத்தான் பாத்திருக்காரு.”

பெயிண்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. அதன் அடியில் ஈரம்.

டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கொடுத்தார். ஒரு முனையில் இன்ஹேலர், மறுமுனையில் வாய். மருந்தைக் குடுவைக்குள் அடித்துவிட்டு, பிறகு மெதுவாக இழுக்கலாம். பெயிண்டருக்கு அது பால் புட்டியாகத் தெரிந்தது. இந்த வயதில் புட்டி குடிக்க மாட்டேன் என்றார். டாக்டரம்மா விடவில்லை. உஸ் கேட்டதும் உங்கள் நெஞ்சு பூட்டிக்கொள்கிறது, முப்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகாது, உஸ் முடிந்து பூட்டு திறக்கிற வரைக்கும் மருந்து குடுவைக்குள் காத்திருக்கும் என்றார். எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் புண் வரும் என்றும் சொன்னார். வேலை முடிந்ததும் கன்னைத் தின்னர் விட்டுக் கழுவாதவனைப் பெயிண்டர் மனுஷனாகவே மதித்ததில்லை. ஆகவே தர்க்கம் பண்ணாமல் அவர் ஏற்றுக்கொண்ட ஒரே உத்தரவு அதுதான்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. சோம்பேறி என்று முனகிக்கொண்டே எடுத்தார். இரண்டாம் வாரம் காலை இருமல் குறைந்தது. மூன்றாம் வாரம் தெருவில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தார். ஒரு கதவு. நாலாம் வாரம் இரண்டு கதவு. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை இவர் தினமும் கன்னத்தை உப்பிக்கொண்டு சுற்றி வருவதைப் பார்த்துப் பூட்டு மாற்றினார். ஆறாம் வாரம் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை முழு வண்டி. பெயிண்டர் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய் நின்றார். நெஞ்சு சரியாகிவிட்டது, கன்னைப் பிடிக்கலாமா என்று கேட்டார்.

கூடாது என்றார் டாக்டரம்மா. அந்த ஹார்ட்னர் வாடைதான் இதைக் கிளப்பிவிட்டது, இனி அது கொஞ்சம் போனாலும் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. மருந்து வீக்கத்தை வற்றவைக்கும், நீங்கள் அதே அறைக்குள் போய்த் தினமும் வீங்கவைத்தால் மருந்து என்ன செய்யும் என்று கேட்டார். கலர் கலக்கலாம், பட்டறைக்குப் போகலாம், அந்த அறைக்குள் மட்டும் போகக்கூடாது.

பெயிண்டர் வழியில் நின்ற கார்களைத் திரும்பிப் பார்க்காமலே வீடுவரை நடந்தார். கூட வந்த மனைவி எதையும் சொல்லிக் காட்டவில்லை. இந்தத் தடவை எதையும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனார். சவ வண்டி தூசி ஒட்டிய பெயிண்டெல்லாம் தேய்க்கப்பட்டு, மங்கலான கறுப்புப் பிரைமரோடு முற்றத்தில் நின்றது. தவணை தாண்டி இரண்டு தடவை வண்டிக்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருந்தார். அவர் தொழிலில் ஆட்கள் அவசரப்படுவதில்லை, அது ஒரு சௌகரியம். பெயிண்டர் தன் கன்னைக் கேட்டு வாங்கினார். குழாயடிக்குப் போய் அதில் தண்ணீர் நிரப்பினார். வெறும் தண்ணீர். கம்ப்ரஸரைப் போடச் சொன்னார். முதலாளியும் டிங்கரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உஸ். நெஞ்சு பூட்டிக்கொண்டது. கை கிளம்பியது. சின்னக் கதவைத் தாண்டி, அந்த நீளத் தகடு முழுக்க, நடுக்கம் இல்லாமல், ஏறாமல் இறங்காமல் போய்ப் பின் விளக்கைத் தாண்டிய பிறகு நின்றது. பெயிண்டர் வாயைத் திறந்து மூச்சு விட்டார். நெஞ்சுக்குள் அந்தக் கீல் சத்தம் இல்லை.

மங்கல் கறுப்பின் மேல் தண்ணீர் ஒரே சீராகப் படிந்து, வண்டி கண்ணாடியாக நின்றது. முதலாளி தன்னையறியாமல் சீப்பை எடுத்துக் குனிந்தார். நாலு இழுப்பு முடிவதற்குள் முன் விளக்குப் பக்கமிருந்து காய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் அவர் முகமும் போய்விட்டது.

“கோடு விழுந்துச்சா?” என்று கேட்டார் பெயிண்டர்.

“இல்ல.”

“அப்ப சரி. கன் மச்சானுக்கு. ஆனா வெளிக்காத்துக் குழாய் வச்ச மாஸ்க் வந்தாத்தான் குடுப்பேன். அதுவரைக்கும் நான் கலர் கலக்கித் தர மாட்டேன்.”

முதலாளி தயங்கினார். முப்பது வருஷமாக நீங்கள் மாஸ்க் இல்லாமல்தானே அடித்தீர்கள் என்று இழுத்தார்.

“ஆமா. அதான் இந்த வண்டியில உக்காந்து போனேன். அடுத்தவன் படுத்துதான் போவான்.”

மாஸ்க் நாலாம் நாள் வந்தது. பெயிண்டரே அதை மச்சானுக்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். கறுப்பைக் கண்ணால் அளந்து கலந்து கொடுத்தார். ஹார்ட்னர் டப்பாவை டிங்கரே உள்ளே கொண்டுபோனான். பெயிண்டர் கதவைச் சாத்திவிட்டு முற்றத்தின் அந்தக் கோடியில், குழாயடிக்கும் தள்ளிப் போய் நின்று, கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே உள்ளே பார்த்தார். உஸ் கேட்டது. கை கிளம்பியது, பரவாயில்லாமல் போனது. பாதித் தகடு தாண்டியும் மச்சானின் தோள் அசையவே இல்லை. பத்து வருஷமாக மாமாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன், மாஸ்க்கையும் போட்டுக்கொண்டு மூச்சையும் பிடித்திருந்தான்.

பெயிண்டர் இருமல் இல்லாத முழுக் குரலில் கத்தினார்.

“மூச்சு விடு மச்சான்!”